தமீம் பாயின் பேர் தெரியாத மரம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஓர் இடத்தில் எடைமேடை ஒன்று இருக்கிறது. மேடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை விசிறி, சீட்டு அச்சடிக்கும் பெட்டி, ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் பதினோரு வருடமாகத் தமீம் உட்கார்ந்திருக்கிறார். ஐம்பத்தாறு வயது. லாரி மேடையில் ஏறும்போது இரும்புப் பலகை போடும் சத்தத்தைக் கேட்டே, திரையில் எண் வருவதற்குள் எடையைச் சொல்லிவிடுவார். நூறு கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். டிரைவர்கள் இதற்காகவே அவர் அறை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அவரிடம் ஒரு பிடிவாதமும் உண்டு. எடைச் சீட்டில் வண்டி எண்ணுக்குக் கீழே 'சரக்கு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மற்ற எடைமேடைகளில் அதில் எதையாவது போட்டுத் தள்ளிவிடுவார்கள். தெரியாவிட்டால் 'இதர' என்று அடித்துவிடுவார்கள். தமீம் மாட்டார். வெயிலில் இறங்கிப் போய், தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, டிரைவரிடம் பேர் கேட்டு, எழுத்துக் கூட்டி எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"இதரன்னா இன்னா நைனா? இதரன்னு ஒரு சரக்கு உலகத்துல எங்கனா கீதா?" என்பார்.

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் அந்த மரம் வந்து சேர்ந்தது.

எடைமேடைக்குப் பின்னால் கால்வாய்க் கரை வரைக்கும் ஒரு பொட்டல். எப்போதோ உப்பளமாக இருந்த இடம். பிறகு இடித்த கட்டடங்களின் செங்கல்லையும் சிமெண்டுக் கட்டியையும் கொண்டுவந்து கொட்டினார்கள். சீமைக் கருவேலம் மண்டியது. அக்கம்பக்கத்து ஆடுகள் மேய்ந்தன. போன வருடத்துக்கு முந்தைய மழை ஓய்ந்து, தை பிறக்கும் நேரத்தில், டிரெய்லர்கள் நிறுத்த இடம் போதவில்லை என்று யார்டு நிர்வாகம் அந்தப் பொட்டலில் பாதியைச் சமன் செய்ய ஆரம்பித்தது. ஜேசிபி ஓட்டியவன் ஃப்ரெடி, காலடிப்பேட்டைக்காரன். பத்து மணிக்கு அவனுக்கு டீ கொண்டுபோன தமீம், மண் அள்ளும் வாளியிலிருந்து செங்கல் துண்டுகளோடு ஏதோ ஒன்று தொங்குவதைப் பார்த்தார்.

"ஃப்ரெடி! நிறுத்துபா. அத்த மெதுவா கீழ எறக்கு."

"இன்னாத்த பாய்?"

"அந்தக் கட்டைய."

ஃப்ரெடி இறக்கினான். கட்டைதான். உயரம் ஒரு சாண். ஆனால் அடிப்பகுதி மணிக்கட்டுப் பருமன். ஈரத்துணியைப் பிழிந்துவிட்டுப் பாதியில் விட்டதுபோல ஒரு முறுக்கு. ஒரு பக்கம் பட்டை போய் எலும்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மறுபக்கம் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக உயிரோடு இருந்தது. நுனி ஒவ்வொன்றிலும் ஆட்டுப் பல் பட்ட தடம். எத்தனை வருடம் ஆடு கடித்ததோ, எத்தனை டயர் ஏறியதோ, ஒவ்வொரு தடவையும் மேலே போக முடியாமல் அடியிலேயே பெருத்திருக்கிறது. வேர் ஒரு அரைச் செங்கல்லை இறுகக் கட்டிப் பிடித்திருந்தது.

தமீமுக்கு மரம் செடி பற்றி ஒன்றும் தெரியாது. வீட்டில் ஒரு துளசி, கற்றாழைகூட வைத்தவரில்லை. ஆனாலும் அதைத் திரும்பவும் மண்ணில் போட அவருக்கு மனம் வரவில்லை.

"இத்த நான் எட்துனு போறேன்பா."

"தாராளமா எட்துனு போ பாய். அடுப்புக்குக் கூட ஆவாது," என்று சொல்லிவிட்டு, ஃப்ரெடியே தன் இருக்கைக்கு அடியில் கிடந்த தெர்மகோல் மீன் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அந்த உவர் மண்ணையே பெட்டியில் ரொப்பி, செங்கல்லோடு சேர்த்து மரத்தை உட்கார வைத்து, ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு தமீம் சாயங்காலம் ராயபுரம் போய்ச் சேர்ந்தார்.

கல்மண்டபத்தில் மூன்றாவது மாடியில் வீடு. அதற்கு மேலே மொட்டை மாடி. மனைவி சாபிரா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தெருவில் பாதிப் பேருக்குப் புர்காவும் நைட்டியும் தைத்துக் கொடுப்பவள். ஒரே மகள் லுப்னாவை ஆம்பூரில் கட்டிக் கொடுத்தபிறகு வீட்டில் இவர்கள் இருவரும்தான். மீன் பெட்டியோடு வந்த புருஷனைப் பார்த்ததும் சாபிரா மிஷினை நிறுத்தினாள்.

"இன்னா மீனுங்க? இந்நேரத்துல யாரு ஆயறது?"

"மீனு இல்ல. மரம்."

அவள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "மரம்னா எல இருக்கும்."

"வரும்."

"வந்தா இன்னா மரம்?"

தமீம் பெட்டியைச் சுவரோரம் இறக்கி வைத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் பேர் கேட்காமல் ஒரு சரக்கை உள்ளே விட்டிருக்கிறார். சாபிராவுக்கு அது புரிந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பு கீழ்வீடு வரைக்கும் கேட்டது.

"ஒரு ஆடு அறுத்து பேரு வெச்சிடலாமா? பள்ளிவாசல் அசரத்த வரச் சொல்லவா?"

நாற்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. தமீம் காலையில் ஒரு தடவை, வேலைவிட்டு வந்து ஒரு தடவை மாடிக்கு ஏறி இறங்குவார். நாற்பத்தோராவது நாள் கட்டையின் இடுக்கில் கடுகளவு பச்சை தெரிந்தது. பத்து நாளில் அது கிளையாக நீண்டது. இலைகள் ஜோடி ஜோடியாக எதிரும் புதிருமாக வந்தன. முட்டை வடிவம், கொஞ்சம் சதைப்பற்று, மேலும் கீழும் ஒரே பச்சை. தமீம் கீழே இறங்கி வந்து மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அவள் நன்றாகக் குனிந்து பார்த்து, "சோக்காதான் கீது," என்று ஒப்புக்கொண்டாள்.

அன்றிலிருந்துதான் தேடல் ஆரம்பித்தது.

திருவொற்றியூர்ப் பக்கம் சாலையோரம் நர்சரி வைத்திருப்பவரிடம் ஓர் இலையைக் கொண்டுபோனார். அவர் பார்த்த பார்வையிலேயே "புங்கன்" என்றார். புங்கன் இலை எப்படி இருக்கும் என்று அங்கேயே ஒரு கன்றைக் காட்டச் சொன்னார் தமீம். ஒப்பிட்டுப் பார்த்தால் மாமனுக்கும் மச்சானுக்கும் உள்ள ஜாடைகூட இல்லை. வண்ணாரப்பேட்டை நாட்டு மருந்துக் கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "சங்கஞ்செடி மாதிரி கீது பாய், ஆனா அதுல முள்ளு இருக்கணுமே," என்று தானே சொல்லித் தானே மறுத்தார். லுப்னா ஆம்பூரிலிருந்து போனிலேயே ஓர் ஆப்பைப் போடச் சொல்லிக் கொடுத்தாள். இலையைப் படம் பிடித்தால் பேர் சொல்லுமாம். ஐந்து படம் பிடித்தார், ஐந்து பேர் வந்தது. ஒன்று ஐரோப்பாவில் பனியில் வளர்வது. இன்னொன்று தண்ணீருக்குள் வளர்வது. ஆறாவதாக அது தமீமின் கட்டைவிரலையும் படத்தில் பார்த்து, அதற்கும் ஏதோ கிழங்கின் பேரைச் சொன்னது.

பேர் வெறும் ஆசைக்கு மட்டும் தேவைப்படவில்லை. சித்திரை வெயிலில் மரம் வாட ஆரம்பித்தது. நர்சரிக்காரர் புங்கனுக்குச் சொன்ன வைத்தியப்படி நல்ல மண்புழு உரம் போட்டு, தினம் இரண்டு வேளை தண்ணீர் விட்டார். மரம் கோபித்துக்கொண்டது. இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. எது என்று தெரியாமல் எதைக் கொடுப்பது? காய்ச்சல்காரனுக்கு எந்தக் காய்ச்சல் என்று தெரியாமல் மாத்திரை கொடுக்கிற கதையாக இருந்தது.

அப்போது எடைமேடைக்கு வந்த டிரைவர் ஒருவர், போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "கழிமுகத்தாண்ட கெடச்சதா? அப்ப அலையாத்தி பாய். உப்புத் தண்ணி ஊத்து," என்றார். தமீம் யோசிக்கவே இல்லை. மறுநாள் காலை காசிமேட்டுக்குப் போய் இரண்டு கேனில் கடல் தண்ணீர் பிடித்து வந்துவிட்டார்.

சாபிரா மாடிப்படியில் வழிமறித்தாள். "இன்னா, மரத்துக்கு ஊறுகா போடப் போறீங்களா? செத்துப் பூடுங்க அது."

"ஒரு டம்ளரு. பக்கெட்டு தண்ணில கலந்து."

"செத்துச்சின்னா என்னாண்ட வந்து மூஞ்சிய தொங்கப் போடக் கூடாது."

மரம் சாகவில்லை. உரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, தண்ணீரையும் குறைத்து, வாரம் ஒரு தடவை அந்த உப்புக் கலவையை விட்டதில் இரண்டே வாரத்தில் புது இலை தள்ளியது. ஆனால் அலையாத்தி என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. அலையாத்தி இலையின் அடிப்பக்கம் வெளுத்து இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். இதில் இரண்டு பக்கமும் ஒரே பச்சை. தமீம் ஒரு பழைய சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார்: 'உப்பு ஒத்துக்கொள்ளும். முள் இல்லை. பால் வராது. இலை எதிரெதிர். சரக்கு: ' அதற்குப் பிறகு காலி.

சங்கரநாராயணன் அண்ணாச்சி வந்தது ஆடி மாதம். வண்ணாரப்பேட்டையில் பருப்பு மொத்த வியாபாரம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். துறைமுகத்திலிருந்து அவர் துவரம்பருப்பு கன்டெய்னர் எடைக்கு வந்து வரிசையில் மாட்டிக்கொண்டதால் தமீம் அறையில் வந்து உட்கார்ந்தார். மேசைமேல் கிடந்த போனில் மரத்தின் படம் முகப்புத் திரையில் இருந்தது. அண்ணாச்சி அதை எடுத்து விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். வெளியே தன் வண்டி மேடை ஏறியதைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாய், இது எங்க இருக்கு?"

"எங்க வூட்டு மாடில."

"இந்த மாதிரி அடிமரத்துக்காக நான் எத்தனை வருஷமா காடு மேடெல்லாம் சுத்துதேன் தெரியுமா? என் வீட்டு மாடியில இருவத்தி ரெண்டு போன்சாய் வச்சிருக்கேன். எல்லாம் நான் கம்பி கட்டி வளைச்சது. இது தானா வளைஞ்சிருக்கு. மாசி மாசம் எங்க சங்கத்துக் கண்காட்சி நடக்கும். கொண்டு வந்து வைங்க."

போன்சாய் என்ற வார்த்தையைத் தமீம் கேள்விப்பட்டிருக்கிறார். அது ஏதோ பணக்கார வீட்டு வரவேற்பறைச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தார். தன் மீன் பெட்டியில் இருப்பதும் அதுதான் என்று சொன்னதும் அவருக்குக் காது சூடேறிவிட்டது.

"வெக்கலாம் அண்ணாச்சி. பேருதான் தெரியல."

அண்ணாச்சியின் முகம் கொஞ்சம் இறங்கியது. "பேரு இல்லாம வைக்க முடியாது பாத்துக்கிடுங்க. மரத்துக்கு முன்னால அட்டையில இன்ன மரம்னு எழுதணும். அது விதி. நானும் பாக்குதேன், எனக்கே பிடிபட மாட்டேங்கு. ஒண்ணு செய்ங்க. அடுத்த தை மாசம் வரைக்கும் ஒரு இலையைக்கூடக் கிள்ளாதீங்க, கசக்காதீங்க. ஒவ்வொரு இலையும் அதுக்குச் சாப்பாடு. தையில வேரைக் கழுவி, சின்னத் தட்டுக்கு மாத்துவோம். அப்பம் பாப்போம்."

தமீம் சொன்னபடி கேட்டார். ஆறு மாதம் விரல் நுனியைக்கூட இலைமேல் வைக்கவில்லை. காக்கா வந்து உட்கார்ந்தால் சாபிரா கீழேயிருந்து கத்துவாள்.

பொங்கலுக்கு மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை நண்பகல். அண்ணாச்சி கொடுத்தனுப்பிய ஆழமில்லாத மண் தட்டு தயாராக இருந்தது. மாடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் பாய் விரித்து, சாபிரா மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, தமீம் வேரில் ஒட்டிய மண்ணைக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். அரைச் செங்கல்லைப் பிரிக்க அரைமணி நேரம் ஆனது. அடியில் கட்டைவிரல் பருமனில் ஒரு வேர் நீளமாகப் போயிருந்தது. அதை வெட்டினால்தான் தட்டில் உட்காரும். இரும்பு அறுக்கும் பிளேடை எடுத்து மெதுவாக அறுத்தார். வேர் துண்டாகி விழுந்தது.

சாபிரா மூக்கைச் சுருக்கினாள். "இருங்க, இருங்க. இன்னா வாசன இது?"

தமீமுக்கும் வந்தது. காரமான வாசனை. முள்ளங்கியை நறுக்கினால் வருவதுபோல, கடுகை அரைத்தால் வருவதுபோல. நெருங்கிய வாசனைதான், ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை.

"முள்ளங்கியா?" என்றார்.

சாபிரா கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முகர்ந்தாள். பிறகு கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த பளபளப்பைத் தமீம் வெகுநாள் கழித்துப் பார்த்தார்.

"யோவ். இது உங்க வாய் வாசனங்க!"

"இன்னாது?"

"சத்தியமா. முப்பது வருசமா விடியக்காலைல ஃபஜருக்கு நீங்க எயுந்து வந்து என்ன எயுப்புனா, மொதல்ல வர்ற வாசன இதான். எனக்குத் தெரியாதா? அது மிஸ்வாக்குங்க!"

தமீம் பிளேடைக் கீழே வைத்தார். பல் தேய்க்கும் மிஸ்வாக் குச்சி அவருக்குப் பதினைந்து வயதில் பழக்கமானது. பள்ளிவாசல் வாசலில் ஜும்மா முடிந்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்பார்கள். அது அரபு நாட்டு மரம், அங்கிருந்துதான் வருகிறது, இந்த மண்ணில் முளைக்காது என்று அவர் யாரும் சொல்லாமலே நம்பிக்கொண்டிருந்தார். அவசரமாகக் கீழே ஓடி, கண்ணாடிக்கு முன்னால் கிடந்த குச்சியை எடுத்து வந்தார். அதை ஒரு கடி. வெட்டிய வேரைத் தண்ணீரில் அலசி ஒரு கடி.

"இன்னா?" என்றாள் சாபிரா. மரம் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

தமீம் மென்றுகொண்டே தலையாட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி காரத்தால். "அதேதான். இது கொஞ்சம் பச்சையா கீது. அவ்ளோதான்."

"ஆப்பு இன்னா சொல்லிச்சி, அண்ணாச்சி இன்னா சொன்னாரு! பக்கத்துல நான் ஒருத்தி கீறேன், என்னாண்ட கேட்டீங்களா?"

"வாய் வாசனய வெச்சி மரம் கண்டுபிடிப்பேன்னு நீ சொல்லவே இல்லியே."

அன்றைக்கு மரத்தைத் தட்டில் நட்டு முடிப்பதற்குள் சாபிரா அதை மூன்று தடவை சிரித்துச் சிரித்துச் சொல்லிவிட்டாள். நான்காவது தடவை போனில் லுப்னாவுக்கு. மறுமுனையில் மகள் சிரிப்பதைக் கேட்டுத் தமீமும் சிரித்தார்.

அண்ணாச்சிக்குத் தகவல் போனது. அவர் சந்தோஷப்பட்டாலும், சங்கத்துக்காகப் பேர்களைச் சரிபார்ப்பவர் சம்மதிக்க வேண்டும் என்றார். சரிபார்ப்பவள் பெனிஷா, ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற முப்பது வயதுப் பெண். அடுத்த வாரமே கல்மண்டபத்துக்கு வந்து மூன்று மாடி ஏறினாள். லென்ஸை வைத்து இலையைப் பார்த்தாள், ஒரு துண்டு வேரை முகர்ந்தாள், சாபிரா கொடுத்த சேமியா பாயசத்தைக் குடித்தாள்.

"நீங்க சொல்றது சரியாதான் இருக்கும்னு தோணுதும்மா. ஆனா வாசனையை மட்டும் வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. மிஸ்வாக்னு வேற மரத்துக் குச்சியையும் விக்கிறாங்க. எனக்குப் பூவோ பழமோ வேணும்."

"இது பூக்க எத்தினி நாளு ஆவும்?" என்றார் தமீம்.

"இந்த வருஷம் பூக்காது. வேரை இப்பத்தானே வெட்டியிருக்கீங்க. எடுத்த இடத்துல இதோட அண்ணன் தம்பி யாராவது மிச்சம் இருக்காங்களா?"

மறுநாள் மத்தியானம் மூன்று பேரும் எடைமேடைக்குப் போனார்கள். சாபிரா கூடவே கிளம்பிவிட்டாள். கண்டுபிடித்தவளை விட்டுவிட்டுப் போவதாவது? சமன் செய்த பாதியில் டிரெய்லர்கள் நின்றன. மீதிப் பாதியில் கருவேலமும் செங்கல் குவியலும் அப்படியே இருந்தன. பெனிஷா சுடிதார் முள்ளில் கிழிபடுவதைப் பற்றிக் கவலைப்படாமல் உள்ளே புகுந்து தேடினாள். அரைமணி நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. வெயில் தாங்காமல் சாபிரா, புருஷன் ஸ்கூட்டர் நின்ற நிழலுக்குப் போய் நின்றாள். அங்கே மதிலை ஒட்டி, கிளைகளைத் தரைவரை தொங்கவிட்டு, குடை மாதிரி ஒரு பெரிய மரம். தன் தோளில் என்னவோ சின்னதாக விழுந்ததைத் தட்டிவிடப் போனவள், கையில் எடுத்துப் பார்த்தாள். மிளகைவிடச் சற்றே பெரிதாக, ரோஜா நிறத்தில் ஒரு பழம்.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "டீச்சரம்மா!"

பெனிஷா ஓடி வந்தாள். கிளையை இழுத்துப் பார்த்தாள். எதிரெதிர் இலைகள், நுனியில் பச்சையும் மஞ்சளுமாகப் பொடிப் பூக்கள், கொத்துக் கொத்தாகப் பழம். லென்ஸை எடுக்கவே இல்லை. "இதுதான்! இதேதான்!" என்று கத்தியதில் எடைமேடையில் இருந்த டிரைவர் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

தமீம் மரத்தைப் பார்த்தார், தன் ஸ்கூட்டரைப் பார்த்தார். பதினோரு வருடமாக வெயிலானாலும் மழையானாலும் இந்த நிழலில்தான் வண்டியை நிறுத்துகிறார். இதன் இலையைத்தான் வண்டி இருக்கையிலிருந்து தட்டிவிட்டு ஏறி உட்கார்கிறார்.

"தமிழ்ல இதுக்கு உகா மரம்னு பேரு," என்றாள் பெனிஷா. "உப்பு மண்ணு, கடலோரம், இதெல்லாம் இதுக்கு ரொம்பப் பிடிக்கும். உங்க நாட்டு மருந்துக் கடைக்காரர் சங்கஞ்செடின்னு சொன்னாரே, அவரைப் பாத்தா சொல்லுங்க. அது இதுக்குச் சொந்தக்காரச் செடி. ரெண்டும் ஒரே குடும்பம்."

பழத்தைச் சாப்பிடலாமா என்று கேட்டாள் சாபிரா. சாப்பிடலாம் என்றதும் நான்கைந்தை வாயில் போட்டுக்கொண்டாள். முகம் முதலில் மலர்ந்தது, பிறகு சுளித்தது. "மொளகுத் தூள் போட்ட கிஸ்மிஸ் மாரி கீது," என்றாள். பெனிஷா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மீதிப் பாதியையும் பங்குனியில் சமன் செய்வதாக நிர்வாகத்தின் திட்டம். தமீம் அதுவரை மேனேஜரிடம் எதுவும் கேட்டுப் போனவரில்லை. அன்று போனார். ஒரு கை நிறையப் பழத்தோடு போய், மதிலோரம் இருக்கும் ஒரு மரத்தையும் அதைச் சுற்றி ஒரு லாரி அகலத்துக்கும் விட்டுவிட வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்று மேனேஜர் கேட்டதும் விஷயத்தைச் சொன்னார், வாய் வாசனைப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு. மேனேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மரத்தடியில் ஏழெட்டு இரு சக்கர வண்டிகள் நின்றன. ஒன்று அவருடையது.

"நிழல் இருக்கட்டும் பாய், யாரு வேணாம்னா?" என்றார். ஃப்ரெடி அடுத்த வாரம் அதைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டுப் போனான்.

கண்காட்சி கீழ்ப்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசைகளில் எண்பது மரங்கள். மூங்கில் தடுக்குகள், பாசி போர்த்திய தொட்டிகள், வெளிநாட்டுப் பேர்கள். நடுவில் இவர்களுடைய மண் தட்டு. முன்னால் அட்டையில் அண்ணாச்சி தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'உகா மரம் (மிஸ்வாக்). எடுத்த இடம்: எண்ணூர் நெடுஞ்சாலை. வளர்ப்பவர்: தமீம். இனம் கண்டவர்: சாபிரா.'

கடைசி வரியைப் பார்த்ததும் சாபிரா புர்கா நுனியால் வாயை மூடிக்கொண்டாள். "இன்னாங்க, எம் பேரெல்லாம் போட்டுகினு."

"நீதான கண்டுபிடிச்ச," என்றார் தமீம். அட்டையில் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி அண்ணாச்சியிடம் இரண்டு தடவை போன் செய்தது அவர்தான்.

பரிசு கிடைக்கவில்லை. கிளைகள் இன்னும் பக்குவப்படவில்லை, மூன்று வருடம் கழித்துக் கொண்டு வாருங்கள் என்றார் நடுவர். முதல் பரிசு அண்ணாச்சியின் ஆலமரத்துக்குப் போனது. ஆனால் கூட்டம் என்னவோ இவர்கள் மேசையில்தான். சாபிரா, அன்றைக்கு அறுத்த வேரைச் சிறு துண்டுகளாக்கி ஒரு தட்டில் வைத்து, வந்தவர்களை எல்லாம் முகர்ந்து பார்க்கச் சொன்னாள். பட்டுப் புடவை கட்டிய ஓர் அம்மாள், "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டபோது தமீம் சட்டென்று பக்கத்து மேசை மரத்தை ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். முதுகுக்குப் பின்னால் அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. பிறகு இன்னும் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் காதெல்லாம் சிவந்தது. அப்படியும் உள்ளுக்குள் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. முப்பது வருடத்தில் தன்னைப் பற்றி இவள் இத்தனை பேரிடம் இத்தனை பெருமையாகப் பேசி அவர் கேட்டதில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டோ பிடித்தார்கள். ஓட்டியவர் கஸ்பார், எர்ணாவூர்க்காரர். மரம் சாபிராவின் மடியில் இருந்தது. பள்ளம் வந்தபோதெல்லாம் அவள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். சிக்னலில் நின்றபோது கஸ்பார் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா மரம்மா அது, குட்டியூண்டு?"

"உகா!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

கஸ்பார் உடம்பைத் திருப்பி நன்றாகப் பார்த்தார். "அட, இதுவா? எங்க ஏரியால கால்வா ஓரத்துல வண்டி வண்டியா கீது. நாங்க ஆட்டுத்தழன்னு சொல்லுவோம். ஆடு அப்டி துன்னும்."

தமீம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதக் காகிதம் அகப்படவில்லை. கடைசியில் கண்காட்சி அட்டையையே திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

"இன்னொருவாட்டி சொல்லுபா," என்றார். "ஆட்டுத்தழ. சிறப்பு ழவா, பெரிய ளவா?"

"எனக்கு இன்னா தெரியும் பாய்? நான் வாயால சொல்றதோட சரி," என்று கஸ்பார் சொல்லி முடிப்பதற்குள் பச்சை விழுந்தது. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. ஆட்டோ ராயபுரத்தைப் பார்த்துக் கிளம்பியது.